முதலாளி அப்பாவுக்கு எடுத்த மொட்டை

என் தலையில் தண்ணீரைத் தெளித்துப் பரபரவென்று தேய்த்துக்கொண்டே சவரம் செய்பவர் கேட்டார்: "ஏனுங் தம்பி, அப்பா இருக்காருங்களா?"

சேவூருக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. போர் மோட்டார் தண்ணீர் வந்து விழும் சிமெண்டுத் தொட்டி. அதன் ஓரமாக ஏழெட்டுப் பேர் சட்டையில்லாமல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். வரப்பைத் தாண்டினால் சுடுகாடு. அங்கே விறகும் வறட்டியும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தப்பட்டை அடித்தவர்கள் ஓய்ந்துபோய் நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இடப்பக்கம் என் முதலாளி. செத்துப்போனவர் அவருடைய அப்பா. முதலாளிக்கு மொட்டை எடுத்து முடிந்திருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு வலப்பக்கம் தங்கவேல். என்னோடு அதே பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவன் தலையை இன்னொருவர் குனிய வைத்துப் பிடித்திருந்தார். பாதி முடி இறங்கியிருந்தது.

அது ஒன்றும் வம்பான கேள்வி இல்லை. அப்பா உயிரோடு இருப்பவன் அடுத்தவர் சாவுக்கு முடியெடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்திலும் இது உண்டு, இந்தப் பக்கத்திலும் உண்டு. இருக்கிறார் என்று சொன்னால் அவர் கத்தியை மடக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நிற்கலாம். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், எதற்காக அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். துக்கத்தால் இல்லை. பொறாமையால். வயிற்றெரிச்சல் என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

கண்ணும் தெக்கத்தியும்

நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரன். இரண்டு அக்காக்களுக்குப் பிறகு ஒரே பையன். பன்னிரண்டாவதில் கோட்டை விட்டுவிட்டு, ஒரு ரெக்சின் பையோடு திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன். டெய்லர் பக்கத்தில் நின்று துணியைக் கை மடிக்கும் வேலையில் தொடங்கி, அந்தக் கம்பெனியில் கட்டிங் இன்சார்ஜ் வரை வந்துவிட்டேன்.

தங்கவேல் உள்ளூர்க்காரன். லைன் சூப்பர்வைசர். என் வயதுதான். நான் வெட்டிக் கொடுப்பதை அவன் தைத்து வாங்க வேண்டும். அதனால் தினமும் எங்களுக்குள் ஒரு உரசல் இருந்தது. சைஸ் குறைகிறது என்று அவன் வருவான், தையலில் இழுக்கிறார்கள் என்று நான் சொல்வேன்.

அது தொழில் சண்டை. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று.

முதலாளியின் அப்பா சனிக்கிழமை தவறாமல் சேவூரிலிருந்து கம்பெனிக்கு வருவார். கட்டிங் செக்‌ஷன் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கீழே கிடக்கும் துண்டுத் துணியை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். என் டேபிளிலிருந்து விழும் துணி. என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர். ஆனால் டீ வந்தால், "கண்ணு, வா சாமி, சித்தெ குடிச்சுப்போட்டுப் போ" என்று தங்கவேலைத்தான் கூப்பிடுவார்.

என்னை அவர் கூப்பிட்டது "தெக்கத்தி" என்று. "ஏப்பா தெக்கத்தி, அந்த ஃபேனச் சித்தெ போடு."

ஏழு வருடம் அவர் மேல் காற்று வர ஃபேன் போட்டவன் நான். ஒரு தடவைகூடக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. இதைப் போய் ஒரு ஆண்பிள்ளை மனதில் வைத்துக்கொள்வானா என்று நீங்கள் கேட்கலாம். வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் வைத்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போதாததற்கு அந்தச் சமயம் முதலாளி அனுப்பர்பாளையத்தில் இரண்டாவது யூனிட் தொடங்க இடம் பிடித்திருந்தார். மிஷின்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அதற்கு இன்சார்ஜாகத் தங்கவேலா, நானா என்பதுதான் கம்பெனி முழுக்கப் பேச்சு. தங்கவேல்தான் என்று டெய்லர்கள் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள்.

வாங்க என்று சொல்லாத வீடு

பெரியவர் இறந்த செய்தி காலை ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வந்தது. மெயின் சுவிட்சை அணைத்தார்கள். அத்தனை மிஷினும் ஒன்றாக நின்றபோது ஏற்பட்ட அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டாஃப் எல்லோரும் கம்பெனி வேனில் சேவூருக்குக் கிளம்பினோம்.

வேனில் தங்கவேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாரி, எங்க பக்கத்து எழவுக்கு நீ வந்ததில்லைல்ல?" என்று கேட்டான். இல்லை என்றேன். உடனே சொல்லித்தர ஆரம்பித்துவிட்டான்.

"யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நீ பாட்டுக்கு உள்ள போயிறோணும். மொதல்ல மாலையப் போட்டுப் பெரியவரக் கும்பிட்டுக்க. அப்பறம் ஓனர் கைய இப்பிடி ரெண்டு கையாலயும் தொட்டுட்டு நகந்துரு. எப்படி ஆச்சு, எத்தன மணிக்கு ஆச்சுன்னு அவருகிட்டக் கேக்காத. அவரு காலைல இருந்து நூறு பேருத்துக்குச் சொல்லியிருப்பாரு. காப்பி குடுத்தாக் குடி, வேண்டாமுங்காத. கெளம்பறப்ப போயிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லிப்போடாத. பேசாம எந்திரிச்சு வந்துரு."

அத்தனையும் உபயோகமான விஷயம்தான். இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் நானும் இதையேதான் சொல்வேன். ஆனால் பின் சீட்டில் என் கட்டிங் பையன்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சாவே விழாததுபோல அவன் எனக்குப் பாடம் எடுத்தது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

எங்கள் ஊர் இழவுக்கும் முறை இருக்கிறது. ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவோம். பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கிவிடுவார்கள், அந்த அழுகைச் சத்தத்தை வைத்தே வருவது எந்த ஊர் உறவு என்று உள்ளே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். என் பெரியம்மா ஒருத்தி, பஸ்ஸில் கதை பேசிச் சிரித்துக்கொண்டே வந்து, இறங்கி நாலு எட்டு வைத்ததும் மாரில் அடித்துக்கொள்வாள். அது நடிப்பு இல்லை. அவளுக்கு அழுகை அந்த இடத்தில்தான் வரும்.

எனக்கு எந்த இடத்திலும் வராது. அதுதான் என் கஷ்டம்.

தோட்டத்து வீட்டின் முன்னால் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய. கார்கள் தார் ரோடு வரை நின்றன. பெரியவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் அவர் முகத்தில் மூக்குக் கண்ணாடி இல்லை. அதனால் யாரோ போல இருந்தார்.

தங்கவேல் சொன்னபடியே மாலையைப் போட்டேன். முதலாளி கையைத் தொடப் போகும்போது என் பேண்ட் பாக்கெட்டில் செல்போன் அடித்தது. அப்போதுதான் புதிதாக வாங்கிய போன். அதில் வைத்திருந்தது ஒரு குத்துப் பாட்டு. ஐஸ் பெட்டி மோட்டார் சத்தத்தையும் தாண்டி அது தூக்கலாகக் கேட்டது. நான் பாக்கெட்டை வெளியிலிருந்தே தடவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற தங்கவேல் என் பாக்கெட்டில் கையை விட்டு போனை எடுத்து, பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் அவனைக் கொன்று போட்டிருப்பேன்.

பிறகு அவன் முறை வந்தது. அவன் மாலையை வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதான். சத்தம் போட்டு இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் விலகி அவனுக்கு இடம் விட்டார்கள். முதலாளியின் அம்மா எட்டி அவன் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார்.

"கண்ணு கண்ணுன்னு கூப்புட்ட வாயி மூடிப்போச்சே சாமி."

நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் அழுத்திப் பார்த்தேன். எடுத்தபோது அது காய்ந்தே இருந்தது. ஒரு சாவு வீட்டில் இன்னொருவன் கண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் என்னைத் தவிர யாராவது உண்டா தெரியவில்லை. செத்தவர் மேல் அவனுக்கு இருந்த பாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மடி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் கண் தெரிந்தது. அனுப்பர்பாளையம் யூனிட் கண்ணெதிரே அவன் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

தோப்பில் சொன்ன பதில்

மத்தியானத்துக்கு மேல் எடுத்தார்கள். சுடுகாட்டில் பாடையை இறக்கி வைத்துவிட்டு, மகன்களும் பங்காளிகளும் முடியெடுக்கத் தோப்புக்குப் போனார்கள். நாங்கள் ஸ்டாஃப் எல்லாம் வரப்பு மேல் நின்றோம்.

தங்கவேல் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எதுக்குடா?"

"எனக்கு அப்பன் இல்லீங்க. எட்டாவதுக்கு அப்பறம் படிக்க வெச்சது இவருதானுங்க."

இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்ததும் என் மனது கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. இதையும் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தானே என்றுதான் தோன்றியது. முதலாளி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவன் சட்டை என் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அவனுக்குத் துணி பிடிக்கிற ஆளாக நின்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு சட்டைகளையும் ஒரு தென்னை மட்டைமேல் போட்டுவிட்டு நானும் போய் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. "ஏனுங் தம்பி, அப்பா இருக்காருங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"போயி எத்தன வருசமாச்சுங்க?"

"நாலு வருசமாச்சுங்க."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அவர் உச்சியில் கத்தியை வைத்தார்.

அந்த நேரத்துக்கு என் அப்பா பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்திருப்பார். அல்லது வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து கம்மஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

தங்கவேலுக்கு இது தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்பா ஊரிலிருந்து கம்பெனி போனுக்குக் கூப்பிட்டபோது, எடுத்துப் பேசி என்னை வந்து கூப்பிட்டவனே அவன்தான். இப்போது அவன் தலையை ஒருவர் அழுத்திப் பிடித்திருந்ததால் திரும்ப முடியவில்லை. கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன். என் முடி அதில் விழுந்து மிதந்துகொண்டிருந்தது.

முதலாளி ஈரக் கையால் என் முழங்காலை அழுத்தினார். "தெரியாமப் போச்சே தம்பி" என்றார். ஏழு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அனுப்பர்பாளையம்

கருமாதி அன்றைக்கு முதலாளி எங்கள் இருவருக்கும் புது வேட்டியும் துண்டும் கொடுத்தார். "அப்பன் இல்லாத பசங்க. இனி நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தம்பிக மாதர" என்று உறவினர்கள் முன்னால் சொன்னார்.

அடுத்த வாரம் அனுப்பர்பாளையம் யூனிட்டை என்னிடம் கொடுத்தார். தங்கவேல் இல்லாமல் மெயின் கம்பெனி ஓடாது என்று ஒரு காரணம் சொன்னார். ஆனால் சாவியைக் கையில் தரும்போது, "ஊரு உட்டு ஊரு வந்து, அப்பனும் இல்லாம நிக்கறே. நீ மேல வரோணும்" என்றார். எனக்குச் சாவி வாங்கித் தந்தது என் வேலை இல்லை என்பது அப்போதே புரிந்தது. புரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

என் குட்டு தங்கவேல் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்துவிடும். அவன் சொல்லவில்லை. சரியான சமயத்துக்காக வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தானே செய்திருப்பேன். அவனோ புது யூனிட்டுக்கு வந்து லைன் போட்டுக் கொடுத்தான், நல்ல ஓவர்லாக் டெய்லர்கள் நாலு பேரைத் தன்னிடமிருந்து அனுப்பிவைத்தான். எனக்கு அது இன்னும் எரிந்தது. பொறாமைப்படவேண்டியவன் பொறாமைப்படாமல் இருந்தால், ஜெயித்தவனுக்கு என்னதான் மிச்சம்?

தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. முடி ஒரு விரற்கடை கூட வளரவில்லை. ஷிப்மெண்ட் என்று போனில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா போனை வாங்கவே இல்லை.

கேட்டில் நின்றவர்

தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் யூனிட் வாசலில் தங்கவேலின் பைக் வந்து நின்றது. பின்னால் என் அப்பா. மடியில் ஒரு மஞ்சள் பை, அதில் காராச்சேவும் அதிரசமும். காற்றில் தலை கலைந்து, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

தங்கவேல் என்னை கம்ப்ரசர் ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். நடந்ததைச் சொன்னான். நான் யூனிட் மாறியது தெரியாமல் அப்பா நேராக மெயின் கம்பெனிக்குப் போயிருக்கிறார். கேட்டில் வாட்ச்மேனிடம் மாரிமுத்துவைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது முதலாளியின் கார் வந்து நின்றது. டையிங் பட்டறையிலிருந்து வந்த துணியை இறக்கிக்கொண்டிருந்த தங்கவேல் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். முதலாளி இறங்கி, யாருங்க என்று கேட்டிருக்கிறார். அப்பா வாயைத் திறப்பதற்குள் தங்கவேல் சொல்லியிருக்கிறான்: "மாரியோட சித்தப்பாருங்க."

"வேற வழி தெரியலீடா" என்றான் தங்கவேல். "ஓனரு அவரு கையப் புடிச்சுப் பேசிப்போட்டாரு."

"என்ன பேசினார்?"

"அத உங்கப்பாகிட்டயே கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அது வரவில்லை.

அப்பாவை எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அவர் பன்னைப் பிய்த்துப் பிய்த்து மெதுவாகச் சாப்பிட்டார். என் தலையைப் பார்க்காதது போலப் பார்த்தார். நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒன் மொதலாளி நல்ல மனுசன்யா. எங் கையப் புடிச்சிக்கிட்டு, ஒங்க அண்ணன் இல்லாட்டியும் பயல நல்லா வளத்திருக்கீக, எங்கப்பாவுக்கு மொட்டகூட எடுத்தான்னு அவுக பாசையில சொன்னாரு."

நான் பெஞ்சில் அவர் பக்கமாகத் திரும்பினேன்.

"நீங்க என்ன சொன்னீக?"

"என்னத்தச் சொல்ல. ஆமாங்கய்யான்னு கும்புட்டேன்."

பாத்திரம் ஏற்றிய ஒரு டெம்போ சலசலவென்று போனது. அது போனதும் அப்பா, "அவுக அப்பாவுக்கு எத்தன மக்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பையங்க."

"ரெண்டு பேரும் மொட்ட எடுத்தாகளா?"

"எடுத்தாங்க."

"ரெண்டு பேரு எடுத்தும் பத்தாம, ஒந் தலையும் வேண்டிக் கெடந்துச்சோ அவருக்கு?" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். ஏழு வருடமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த குரல்தான் அது. முன்பின் பார்த்திராத, செத்துச் சாம்பலாகிவிட்ட ஒரு மனிதர்மேல் என் அப்பாவுக்குப் பொறாமை.

"எனக்கு நீ ஒருத்தன்தானய்யா."

மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"சொன்னா வேல போயிரும். நான் சித்தப்பனாவே இருந்துட்டுப் போறேன்."

அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் திருப்பூருக்கு வரவே இல்லை.

இரண்டு நாள் லீவு

நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று வருடங்கள் போயின. முதலாளி எப்போதாவது, "ஊர்ல சித்தப்பா சௌக்கியமாப்பா?" என்று விசாரிப்பார். "சௌக்கியமுங்க" என்பேன். என் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் அமரர் என்று போடாமல் அச்சடித்துவிட்டு, அந்தப் பத்திரிகையைக் கம்பெனியில் யாருக்கும் கொடுக்காமல், வாயால் மட்டும் அழைத்தேன். யாரும் வரவில்லை. தங்கவேல் மட்டும் வந்தான். பந்தியில் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். இருவரும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பா ஒரு கோடையில் இறந்துபோனார். காட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது யூனிட்டில் ஒரு ஆர்டர் முடியும் தறுவாய். முதலாளிக்கு போன் செய்தேன். அப்பா இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. அப்பாவை நான் ஏற்கெனவே சாகடித்திருந்தேன்.

"சித்தப்பா தவறிட்டாருங்க" என்றேன்.

"அடடா. நல்ல மனுசன். ரெண்டு நாள் போயிட்டு வந்துருப்பா. ஷிப்மெண்ட் நிக்குது" என்றார். சித்தப்பா சாவுக்கு இரண்டு நாள் தாராளம்தான்.

இரண்டு நாளில் எரித்து, எலும்பெடுத்து, மறுநாள் காலை வேலைக்கு வந்தேன். கருமாதிக்குத் திரும்ப லீவு கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அக்காக்களிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தேன். ஒரே மகன் மொட்டைத் தலையோடு இரண்டாம் நாள் ராத்திரியே பஸ் ஏறியதை ஊரே வேடிக்கை பார்த்தது.

முதலாளி யூனிட்டுக்கு வந்திருந்தார். தங்கவேலும் கூட வந்திருந்தான். என் தலையைப் பார்த்ததும் முதலாளி நின்றுவிட்டார். பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பாருங்கப்பா, சித்தப்பனுக்கு யாராச்சும் மொட்ட எடுப்பாங்களா? இவன் எடுத்துருக்கறான்" என்று அவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "இதப் பாக்கறதுக்கு உங்கப்பா இல்லாமப் போயிட்டாரே தம்பி" என்றார்.

தங்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆமாங்க" என்றேன். என் அப்பாவைப் பற்றி முதலாளியிடம் நான் சொன்னதில் பொய்யில்லாதது அது ஒன்றுதான்.